தேக்காவில் வாங்கிய குருத்தோலை

சிங்கப்பூரில் என் விடுமுறை நாள் ஒரு பையுடன் தேக்காச் சந்தையில் தொடங்கும். 1915-இல் எழுந்த பழைய சந்தையின் பெயர் 'கண்டாங் கெர்பாவ்'. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். 1982-இல் சந்தை சாலைக்கு எதிர்ப்புறம் இடம்பெயர்ந்தது. முருங்கைக்கீரையைத் தமிழிலும் மீனை மலாயிலும் விலை பேசலாம்.

நோன்புப் பெருநாளுக்கு முன்னாள் அங்கிருந்து ஒரு கட்டுத் தென்னங்குருத்தோலை வாங்கி வந்தேன். அண்டைவீட்டு மலாய் மூதாட்டியார் கேட்டிருந்தார். அவர் இரண்டு கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் சிறு கூடு செய்தார். அதில் அரிசியைப் பாதியளவு இட்டு நெடுநேரம் வேகவைத்தால், அது பெருகி இறுகிக் 'கெத்துப்பாட்' ஆகிறது.

ஊரில் என் தந்தையார் குருத்தோலைத் தோரணம் பின்னுவார். "கற்றுக்கொள்" என்பார், "பிறகு" என்பேன். அந்தப் பிறகு வருமுன் அவர் மறைந்தார்.

அன்று மூதாட்டியாரிடம் நானும் அமர்ந்தேன். என் கூடு மூன்று முறை அவிழ்ந்தது. நான்காம் முறை நின்றது. என் தந்தையாரிடம் கற்கத் தவறியதை அயலாரிடம் கற்றேன். ஆனால் தோரணம் எனக்கு இன்றும் பின்னத் தெரியாது.

உங்கள் வீட்டுப் பெரியோர் கைகளிலும் ஒரு கலை இருக்கும். அதை இன்றே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.