கணினிக் காலத்தில் கைநாட்டு



தொழில்நுட்பம், இணையப் பாதுகாப்பு, வட்டாரப் பொருளாதார வளர்ச்சி ஆகிய மூன்றும் அரசின் வெவ்வேறு துறைகளுக்கு உரியவை. இலக்கிய வட்டத்திற்கும் இவற்றிற்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழலாம். அரசின் கொள்கை எதுவாயினும் அது சொற்களால் ஆவது. சொல் பிழைபடின் கொள்கையும் பிழைபடும். இதனை எழுத்து, சட்டம், ஒப்புதல் என்னும் மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது எழுத்து. தொண்ணூறுகளில் ஓர் எழுத்துருவில் அடித்த கடிதம் வேறோர் எழுத்துரு உள்ள கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாடும், 1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் நடத்திய தமிழ் இணைய மாநாடும் இக்குறையை ஆராய்ந்தன. சென்னை மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகையை அரசு ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் அமைந்தன. ஒரே மெய்விசையை இருமுறை அழுத்தினால் முன்னெழுத்து தானே புள்ளி பெறும். எழுத்திலக்கணம் அறிந்தோர் பொறியாளரோடு சேர்ந்து அமர்ந்தமையின் விளைவு இது. பின்னர் 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ளது. 2010இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் அரசு தகுதரமாக ஏற்றது. அரசாணையும் தமிழறிவும் கைகோத்தால் சிக்கல் தீரும் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

இரண்டாவது சட்டம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 66அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பாதுகாப்பே அதன் நோக்கம் எனப்பட்டது. ஆயின் ‘தொல்லை’, ‘இடையூறு’ எனப் பொருள்படும் வரையறையற்ற சொற்கள் அதில் குற்றத்தின் எல்லைகளாக நின்றன. தண்டனையோ மூன்றாண்டுச் சிறை வரை நீண்டது. அங்கதம் யாருக்குத்தான் தொல்லை தராது? தொல்காப்பியர் காலந்தொட்டு அங்கதத்திற்கு இலக்கணம் கண்ட மொழியில், ஒரு கவிஞர் ஆள்வோரைக் குத்திக்காட்டி நான்கு வரி எழுதினாலும் அப்பிரிவின் வலைக்குள் சிக்கலாம். 2015 மார்ச் 24இல் நீதியரசர்கள் செலமேஸ்வரும் நரிமனும் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு அப்பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சொற்களின் தெளிவின்மையே அத்தீர்ப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. பாதுகாப்பின் பெயரால் வரும் எச்சட்டத்தையும் சொல் சொல்லாக எடைபோடுவது எழுதுவோர் கடமை என்பதை அது உணர்த்திற்று.

மூன்றாவது ஒப்புதல். 2000 ஜூலையில் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கணினிக் கல்வி பெற்ற சிற்றூர் இளைஞர் தலைநகர் நோக்கிப் பெயர்வது வழக்கமாயிற்று. 2024இல் விழுப்புரம் மாவட்டத்திலும், தொடர்ந்து தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய இடங்களிலும் சிறு டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கது. எனினும் வளர்ச்சி கட்டடத்தோடு முடிவதில்லை. இன்று நெசவாளரும் பூ விற்கும் பெண்ணும் கைப்பேசி வழியே பணம் பெறுகின்றனர். பணம் செல்லும் வழியில் ஏய்ப்போரும் வந்துவிட்டனர். ‘எவரிடமும் கூற வேண்டா’ என்னும் எச்சரிக்கை, அதனைப் படிக்கவியலாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் வந்தால் அது எச்சரிக்கை ஆகாது. பணம் இழந்தோர் உடனே அழைக்க 1930 என்னும் எண் உள்ளது. அந்த எண்ணைத் தெரிந்துகொள்வதும் புரியும் மொழியில் சொல்லப்படுவதைப் பொறுத்ததே.

முற்காலத்தில் வட்டிக்கடைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என அறியாமலே உழவர் கைநாட்டு வைத்தார். இன்று பட்டம் பெற்றவரும் பல பக்க நிபந்தனைகளைப் படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்னும் கட்டத்தைத் தொடுகிறார். அதுவும் கைநாட்டே. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்துள்ளது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ பெறும் வாய்ப்பு மக்களுக்குத் தரப்பட வேண்டும் என்கிறது அது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் பற்றிய கடமைகள் அதற்குப் பதினெட்டுத் திங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. தமிழுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. அவ்விடத்தில் எத்தகைய தமிழ் அமரும் என்பதே இனி வினா.

நிறுவனங்கள் பொறி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிடக்கூடும். மறுபுறம், தமிழறிஞர் அகராதியிலிருந்து அருஞ்சொற்களை அடுக்கித் தரவும் கூடும். படிப்பவருக்கு விளங்காத தூய தமிழும் கைநாட்டையே கேட்கும். இதனைத் தமிழ்ப் புலமையுடையோர் தமக்குள் ஒப்புக்கொள்வது நன்று. நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவரிடம் ஒருமுறை படித்துக் காட்டினால், ‘எதைக் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், வேண்டாமென்றால் என்ன ஆகும்’ என்று அவரே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவே தேர்வு.

குறைந்த சொல்லில் நிறைந்த பொருளைச் சொல்லப் பழகியோர் பாவலர். வங்கி, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் அறிவிப்புகளுக்கு மாதிரித் தமிழ் வடிவங்களை அவர்கள் எழுதி, மக்களிடம் படித்துக்காட்டித் திருத்தி, அரசுக்கு அளிக்கலாம். எழுத்துச் சிக்கல் தீர்ந்ததும் இத்தகைய கூட்டு முயற்சியால்தான். இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டு அப்பணியோடு தொடங்குவதாக!