போரை நிறுத்தும் சொல்
(பொன்விழா ஆயத்த நாள்களில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று ஒரே ஒரு சொல்லைச் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். சண்டையைச் சில காலம் நிறுத்தி வைப்பதைப் 'போர் நிறுத்தம்' என்கிறோம். போர் நிற்கிறது, அவ்வளவுதான். யாரை நம்பி நிற்கிறது என்பதை அச்சொல் கூறுவதில்லை. ஐரோப்பியரின் 'அர்மிஸ்டிஸ்' என்னும் சொல்லும் இவ்வகையே. இலத்தீனில் 'அர்மா' என்றால் ஆயுதம். சொல்லின் பின்பகுதி நிற்றலைக் குறிக்கும். 1918 நவம்பர் 11-ஆம் நாள் முதல் உலகப் போரை நிறுத்திய ஒப்பந்தத்திற்கு இதுவே பெயர். கொரியாவில் 1953 ஜூலை 27-ஆம் நாள் கையெழுத்தானதும் இத்தகையதே. அங்கே சமாதான உடன்படிக்கை இன்னும் ஏற்படவில்லை. ஆயுதம் நின்றது, பகை நிற்கவில்லை.

ஆங்கிலத்தில் 'ட்ரூஸ்' என்று வேறொரு சொல் உண்டு. அதன் வேர் 'உண்மை' எனப் பொருள்படும் 'ட்ரூ' என்ற சொல்லோடு உறவுடையது. கொடுத்த வாக்கு, நம்பிக்கை என்பதே அதன் பழம்பொருள். இன்னொரு செய்தியும் உண்டு: தொடக்கத்தில் அது பன்மைச் சொல். ஒருவர் கொடுத்தால் போதாது, இருவரும் வாக்குக் கொடுக்கவேண்டும் என்பது சொல்லிலேயே அடங்கியிருந்தது போலும்!

அதே வேரிலிருந்து பிறந்ததுதான் திருச்சபை எடுத்தாண்ட 'த்ரேயுகா' என்னும் சொல். 'த்ரேயுகா தேயி' என்றால் கடவுளின் பெயரால் கொடுக்கப்படும் போர் ஓய்வு. 11-ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் ஒருவரையொருவர் பழிவாங்கப் புறப்படுவார்கள். எரிவதோ ஏழையின் வயலும் வைக்கோலும். அடக்க வலிமையுள்ள அரசன் இல்லை. 1027-இல், இன்றைய பிரான்சின் தென்கோடியிலுள்ள துலூஜ் என்ற சிற்றூரின் புல்வெளியில், ஆயர் ஒலிபாவின் தலைமையில் குருக்களும் பொதுமக்களும் கூடினர். ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் வந்திருந்தனர். சனிக்கிழமை பிற்பகல் முதல் திங்கள் காலை வரை எவனும் தன் பகைவனைத் தாக்கலாகாது என்று அங்கே முடிவாயிற்று. ஞாயிறு திருப்பலிக்குப் போகிறவன் உயிரோடு வீடு திரும்பவேண்டுமே!

1041-ஐ ஒட்டி இந்த ஓய்வு புதன் மாலைக்கே முன்தள்ளப்பட்டது. வியாழன் ஆண்டவரின் விண்ணேற்பு, வெள்ளி பாடுகள், சனி கல்லறை, ஞாயிறு உயிர்ப்பு என்று ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கூறினார்கள். இதை அறிவித்தவர்களுள் ஒருவர் க்ளூனி மடத்து அதிபர் புனித ஒதிலோ. நாம் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோமே, அந்த நாளை முதலில் தம் மடங்களில் ஏற்படுத்தியவரும் இவரே. ஓய்வு நாளில் கொலை செய்தவன் நாடு கடத்தப்பட்டு எருசலேம் போகவேண்டும் என்பது தண்டனை. 1179-இல் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் இவ்வொழுங்கைத் திருச்சபை முழுமைக்கும் உறுதிசெய்தது.

அப்படியானால் திங்கள், செவ்வாய், புதன் நாள்களில் வெட்டிக்கொள்ளலாமா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வாக்கு மீறப்பட்டதும் உண்டு. 1095-இல் இதே ஓய்வை வலியுறுத்திய கிளெர்மோன் சங்கத்தில்தான் திருத்தந்தை இரண்டாம் உர்பான் சிலுவைப் போருக்கும் அழைப்பு விடுத்தார். வீட்டில் சமாதானம், வெளியே போர்! இதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் வாரத்தில் நான்கு நாள் உழவன் அச்சமின்றி ஏர் பிடிக்க வழி கேட்டது சிறிய காரியமன்று.

நம் ஊரிலும் எழுதப்படாத த்ரேயுகா ஒன்று உண்டு. கொடி ஏறிவிட்டால் எவரும் கை நீட்டுவதில்லை. "திருவிழா முடியட்டும், பார்த்துக்கொள்கிறேன்" என்ற பேச்சும் கூடவே கேட்கிறது. இது ஆயுதம் நிற்பது மட்டுமே; வாக்கு இன்னும் வரவில்லை.

வாய்க்கால் வழக்கில் இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத இரு குடும்பத்தாரையும் நாம் தனித்தனியே சந்தித்தோம். ஞாயிறு மாலை கொடி இறங்குகிறது. திங்கள் மாலை செபமாலைக்குப்பின் பங்குமனைக்கு வர இரு வீட்டுப் பெரியவர்களும் இசைந்திருக்கிறார்கள். அதுவரை இரு தரப்பின் உறவினரும் வாய்க்கால் பக்கம் மண்வெட்டியோடு போகாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.