அணுவுக்கும் இடம் வேண்டும்



"நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன், எனக்கு எதுக்கு சார் இயற்பியல்?" என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். "தேர்வுக்கு வேணும்" என்றேன். அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது.

ஜி. என். ராமச்சந்திரனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சி. வி. ராமனின் மாணவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அது எப்படியெல்லாம் மடங்கும் என்று அறிய அவரும் உடன் உழைத்தவர்களும் பிடித்துக்கொண்டது ஓர் எளிய இயற்பியல் உண்மை: பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் ஓரளவுக்கு மேல் நெருங்க முடியாது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. இரு கோணங்களையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டால், பெரும்பாலான நிலைகளில் அணுக்கள் முட்டிக்கொள்கின்றன. முட்டாதவற்றை வரைபடத்தில் குறித்தால் சில திட்டுகளே மிஞ்சுகின்றன. 1963இல் வெளியான அந்த வரைபடம் அவர் பெயராலேயே வழங்குகிறது. புதிதாகக் கண்டறியும் புரத அமைப்பு சரிதானா என்று இன்றும் அதில் வைத்துப் பார்க்கிறார்கள்.

இப்போதெல்லாம் நான்கு பிள்ளைகளைக் கைகோத்து நின்று திரும்பச் சொல்கிறேன். தோள் இடிக்கும், சிரிப்பார்கள். அங்கிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன்.