மழைத்தண்ணி நம்ம காட்டிலேயே நிக்கட்டும்
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மூன்று பேர் போரை ஆழப்படுத்தக் கடன் கேட்டார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். நம்ம பக்கம் ஆயிரம் அடி போட்டும் வெறும் புழுதி கிளம்பின போர் எத்தனை என்று நமக்கே தெரியும். தண்ணி வரலை, தவணை மட்டும் மாசாமாசம் வந்தது.

நம்ம கொங்குச் சீமை மலைக்கு இந்தப்புறம், மழை மறைவில் இருக்குது. கோவையில் ஆண்டுக்குச் சுமார் 700 மி.மீ. மழை. ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையில்தான். 2016-ல் அந்த மழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அரசு அறிவித்தது. தீவனமில்லாமல் மாட்டை வித்தோமே, மறந்திருக்காது.

ஒரு கணக்குச் சொல்றோம். ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 40 ஆயிரம் லிட்டர் தண்ணி. பத்தாயிரம் லிட்டர் லாரி நாலு! அதை இட்டேரியில் ஓடவிட்டுட்டு ஆயிரம் அடிக்குக் கீழே தேடுறோம்.

கோடை மழைக்கே சரிவுக்குக் குறுக்கே உழவு ஓட்டினால் இறுகிய செம்மண் வாய் திறக்கும். கரிசலில் கட்டம் கட்டமாகச் சின்ன வரப்புப் போட்டால் தண்ணி அங்கங்கே நின்று இறங்கும். அறுவடை முடிந்ததும் ஆட்டுப்பட்டி அடைத்தால் மண்ணுக்கு ஈரம் பிடிக்கும் சத்து வரும். தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை இருந்தால், பயிர் வாடும்போது ஒரு உயிர்த்தண்ணி விடலாம்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு இருக்குது பாருங்க. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். கிணறே இல்லாமல் மாட்டைக் காப்பாற்றின ஏற்பாடு அது. அதில் பலதை நாமே மனையாக்கி வித்தோம் என்பது வேறு கதை.

அத்திக்கடவு-அவினாசித் திட்டம் வந்தாச்சே என்கிறார்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கியது, 1,045 குளம் குட்டைகளுக்கு. நல்லதுதான், பக்கத்துக் கிணறு ஊறும். மேட்டாங்காட்டுக்கு அது ஏறி வராதுங்க.

"பட்டா வீட்டுக்காரர் பேரில், நாங்க என்ன சொல்ல முடியும்?" என்று சிலர் கேட்டீங்க. கடன் நம்ம பேரில்தானே எழுதுறாங்க? அப்போ காட்டில் என்ன வேலை நடக்கணும் என்று நாம சொல்லலாம்.

வர்ற கூட்டத்துக்குள் ஒரு மழை வந்தால், உங்க காட்டில் எந்த மூலையில் தண்ணி வெளியேறுது என்று பார்த்துட்டு வாங்க. மூன்று மனுவையும் அதை வைத்துப் பேசுவோம். வரப்புக்கும் குட்டைக்கும் முதலில் கடன், போருக்கு அப்புறம் என்பது எங்கள் கருத்து. மறுப்பு இருந்தால் அங்கேயே சொல்லுங்க.