காசோலைத் தமிழ்



பனையோலையில் எழுதும் வழக்கம் ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. எழுத்தாணி அருங்காட்சியகத்திற்குப் போயிற்று. 'ஓலை' என்னும் சொல்லோ ஓயாமல் வங்கிக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. 'டிமாண்ட் டிராப்ட்' வரைவோலை ஆயிற்று. 'செக்' காசோலை ஆயிற்று. இச்சொற்களைப் படைத்தோர் வெறும் மொழிபெயர்ப்பாகத்தான் செய்திருக்கக்கூடும். ஆயினும் அவர்கள் அறிந்தோ அறியாமலோ மிகப் பழைய உறவொன்றைப் புதுப்பித்திருக்கின்றனர். தமிழ் மரபில் ஓலை என்பது செய்தியை மட்டும் சுமந்து சென்றதன்று; பொருளைக் கொண்டுவரவும் சென்றது.

பதினோராந் திருமுறையின் முதற்கண் வைக்கப்பட்டிருக்கும் திருமுகப் பாசுரத்தை அவையோர் அறிவர். மதுரை ஆலவாய் இறைவன், தன்னை யாழிசையால் பாடும் பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்தனுப்புமாறு சேரமான் பெருமாளுக்கு எழுதிய முடங்கல் அது. பத்தியோடு படிப்போர் பத்தியோடு படிக்கட்டும்; அதன் அமைப்பை மட்டும் சற்றே உற்று நோக்கலாம். எழுதுபவர் இன்னார், அவர் இருக்கும் ஊர் இன்னது, பெறுபவர் இன்னார், கொண்டு வருபவர் இன்னார், செய்ய வேண்டியது இன்னது. பணிப்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என மூவர் இருக்கின்றனர். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் காசோலைக்கு வகுக்கும் இலக்கணத்திலும் இதே மூவர்தாம் உளர். ஒரே வேறுபாடு, திருமுகத்தில் தொகை குறிக்கப்படவில்லை. சேரமான் தன் கருவூலம் முழுவதையும், அரசையும்கூட எடுத்து வைத்தான் என்றும், பாணர் தமக்கு வேண்டிய அளவே பெற்றுக்கொண்டார் என்றும் பெரியபுராணம் கூறும். தொகை எழுதாத ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு அளவோடு நின்ற பாணரை வங்கி மேலாளர்கள் குலதெய்வமாகக் கொள்ளலாம்.

பின்வந்த புலவர்களுக்கு அத்தகைய பரிந்துரை வாய்க்கவில்லை. ஆகவே அவர்களே புரவலர்க்கு எழுதிக்கொண்டனர். அதுவே சீட்டுக்கவி என ஓர் இலக்கிய வகையாயிற்று. ஓலைத்தூக்கு என்பதும் அதன் பெயரே. பாரதியாரும் 1919இல் எட்டயபுர மன்னருக்குச் சீட்டுக்கவி விடுத்தார். ஓலை உண்மையானதுதானா என்று அறியும் கவலையும் பழையதே. சிலப்பதிகாரத்தில் மாதவி விடுத்த முடங்கலைக் கோவலன் பிரிப்பதற்கு முன்பே, இலச்சினையில் படிந்திருந்த அவள் கூந்தல் மணத்தால் அது யாருடையது என்று உணர்கிறான். இன்று வங்கியில் மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் மணமற்ற வடிவம்.

இந்த மரபின் கடைசி நீட்சியைப் பெரிய இடங்களில் தேட வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் கூடத்தில் அது இருந்தது. முற்பகல் பத்தரை, பதினொரு மணிக்கு வாயிலில் மிதிவண்டி மணி ஒலிக்கும். ஒலிப்பதற்கு முன்பே, ஏதோ வேறு வேலையாக வந்தவரைப்போல் வீட்டுப் பெரியவர் திண்ணையில் நின்றுகொண்டிருப்பார். வந்த கடிதங்களின் தரம் கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது மணவோலை. கறுப்பு விளிம்பிட்டது சாவுச் செய்தி, படித்தவுடன் கிழித்தெறியப்பட வேண்டியது. நீலநிற உள்நாட்டு மடலின் ஓரம் கிழிக்கப்படும்போது ஓர் எழுத்தும் போய்விடாமல் விரல்கள் மெல்ல நகரும். படித்து முடிந்தவை சுவரில் தொங்கும் கொக்கிக் கம்பியில் குத்தப்படும். அந்தக் கம்பியில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. குடும்பத்தின் வரலாற்றை மேலிருந்து கீழாகப் படித்துச் செல்லலாம்.

கம்பிக்கு ஏறாதவை சில உண்டு. காப்பீட்டுத் தவணை அறிவிப்பு, தொலைபேசிக் கட்டணப் பட்டி, சொத்து வரிச் சீட்டு ஆகியவை நாட்காட்டிக்குப் பின்னாலோ, சாமி படத்திற்குப் பின்னாலோ செருகப்படும். மாத முதல் ஞாயிறு அவற்றின் நாள். பீரோவிலிருந்து காசோலைப் புத்தகம் வெளிவரும். பிள்ளைகள் அருகில் வரக்கூடாது, மின்விசிறி நிறுத்தப்படும். பேனா முனை ஒரு முறை பழந்தாளில் கிறுக்கிச் சோதிக்கப்படும். இடப்பக்க மூலையில் இரு சாய்கோடுகள். நாள். பெறுவோர் பெயர். எண்ணால் தொகை. பிறகு எழுத்தால் தொகை, அதன் முடிவில் 'மட்டும்', 'மட்டும்' என்பதற்குப் பின் எவரும் எதையும் சேர்க்காதபடி கோட்டின் எல்லைவரை ஒரு நீண்ட கீற்று. மறுபக்கத்தில் மின் இணைப்பு எண்ணோ காப்பீட்டு எண்ணோ. உறையை ஒட்டுவதற்குப் பசை இல்லையெனில் சோற்றுப் பருக்கை. பலர் ஒரு சிறு கணக்கும் போட்டனர்: சனிக்கிழமை அஞ்சலில் சேர்த்தால் புதன்கிழமை போய்ச் சேரும், அதற்குள் சம்பளம் வங்கியில் ஏறிவிடும். அஞ்சலின் தாமதமும் அவர்களது வருவாயில் ஒரு பகுதி எனலாம்.

கவிஞர்க்கும் காசோலைக்கும் அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. சன்மானம் பணவிடையாக வந்தால் அஞ்சல்காரர் கையில் நோட்டும், அடியில் ஆசிரியர் இரண்டு வரி எழுதிய துண்டுச் சீட்டும் கிடைக்கும். நோட்டு அன்றே செலவாகும், துண்டு காலமெல்லாம் இருக்கும். காசோலையாக வந்தாலோ முதலில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். வெளியூர்க் காசோலை எனில் வசூல் கட்டணம் போக எஞ்சுவது வங்கிக்குச் சென்று வந்த பேருந்துச் செலவுக்குப் போதும். இது குறித்து இவ்வட்டத்தின் மூத்த உறுப்பினர்கள் சொல்லக்கூடிய கதைகள் ஏராளம்.

ஆனால் காசோலையில் கவிஞர்கள் கவனிக்கத் தவறிய ஒரு பெருமை உண்டு. மேற்குறித்த 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுவது இது: ஓர் ஆவணத்தில் எண்ணால் குறித்த தொகையும் எழுத்தால் குறித்த தொகையும் வேறுபடுமாயின், எழுத்தால் குறித்ததே தொகையாகும். நடைமுறையில் வங்கிகள் அத்தகைய காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுவதே வழக்கம் என்பது உண்மை. எனினும் சட்டத்தின் நோக்கு தெளிவு. எண் எளிதில் திரியும். ஒரு சுழி கூடினால் நூறு ஆயிரமாகும். சொல் அவ்வாறு திரியாது. பணத்தைப் பற்றிய வழக்கில் எண்ணைவிடச் சொல்லுக்கு எடை மிகுதி என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் இராசராசன் அளித்த பொன்னின் நிறை, கழஞ்சும் மஞ்சாடியுமாகச் சொற்களால் விரித்தே பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லில் வெட்டுவோர்க்குச் சொற்செலவு மிகுதிதான். அச்செலவைச் செய்தனர்.

அச்சொற்களை எந்த மொழியில் எழுதுவது? காசோலைப் படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. நிரப்புவோர் அவ்விரு மொழிகளிலோ வட்டார மொழியிலோ எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கி அளித்துள்ள உரிமை. தமிழில் கையொப்பமிடுவோர் பலர் உண்டு. கையொப்பத்திற்கு மேலே உள்ள அந்த நீண்ட கோட்டில் தமிழ் எழுதியோர் மிகச் சிலர். காரணம் அச்சம் மட்டுமன்று; எழுதத் தெரியாமையும்தான். தமிழில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி எளிதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் கடைசி இயலாகிய குற்றியலுகரப் புணரியலில் இதற்கென நீண்ட பகுதியை ஒதுக்குகிறார். மூன்றும் நூறும் சேர்ந்தால் முந்நூறு. 'முன்னூறு' என்பது பிழை. ஐந்தும் நூறும் ஐந்நூறு. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதும், ஒன்பதும் நூறும் சேர்ந்து தொள்ளாயிரம் ஆவதும் விளக்கி மாளாதவை. புலவர் வகுப்பில் நெட்டுருச் செய்யப்பட்ட இந்த நூற்பாக்களுக்கு உலகில் நடைமுறைப் பயன் எங்கேனும் இருந்ததென்றால், அது ரசீதிலும் பத்திரத்திலும் காசோலையிலும்தான்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்தார். காசோலையைத் தமிழிலேயே நிரப்பும் வழக்கமுடையவர். கொள்கை முழக்கம் ஏதும் இல்லை. முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதிய கை வேறு வகையில் எழுத மறுத்தது, அவ்வளவுதான். உள்ளூர் வங்கிக் கிளையிலும் எவரும் குறை சொன்னதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்ச்சு மாதம், மின்கட்டணத்திற்காக அவர் 'முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் மட்டும்' என்று எழுதிய காசோலை, தொகை தெளிவாக இல்லை என்னும் குறிப்புடன் திருப்பப்பட்டது. கிளைக்கு வடமாநிலத்திலிருந்து புதிதாக வந்திருந்த அலுவலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. திருப்பிய செய்தியைத் தாங்கிய அஞ்சலட்டை ஆசிரியர் கைக்கு வருமுன் மின் ஊழியர் வந்து ஃப்யூஸ் கட்டையைக் கழற்றிச் சென்றுவிட்டார். வீட்டில் பேத்திக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. மூன்று இரவுகள் அவள் அரிக்கேன் விளக்கில் படித்தாள். ஒரு சொல் தமிழில் இருந்தமைக்கு ஒரு குழந்தை கொடுத்த விலை அது. அதைச் சிறிதென்று சொல்ல இயலாது. ஆசிரியரின் மனைவி அன்று சொல்லவும் இல்லை.

மறுநாள் வங்கியில் பழைய எழுத்தர் மெல்லச் சொன்னார்: "ஐயா, இனிமே இங்கிலீசுலயே எழுதிடுங்கய்யா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் தம்பி. கையெழுத்து தமிழ்தானே? அதைப் பார்த்து இத்தனை ஆண்டாகப் பணம் கொடுத்திருக்கிறீர்களே" என்றார் ஆசிரியர். குரல் உயரவில்லை.

மேலாளர் விதிகளைப் புரட்டினார். வட்டார மொழி செல்லும் என்பது உறுதியாயிற்று. புதிய அலுவலர் எழுந்து வந்து வருத்தம் தெரிவித்தார். ஆசிரியர்க்கு அவர்மேல் சினம் எழவில்லை. படிக்கத் தெரியாதவர் தெரியாது என்று சொன்னதில் குற்றம் என்ன? அடுத்த ஞாயிறன்று முழுத்தாளில் ஒன்று முதல் நூறு வரையும், பிறகு நூறு நூறாக ஆயிரம் வரையும் எண்ணும் எழுத்துமாக எழுதி, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். அது அந்த அலுவலரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மூன்றாண்டு இருந்தது. மாற்றலாகிப் போகும்போது 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது' என்பதைக் கண்டவுடன் சொல்லக்கூடியவராக அவர் ஆகியிருந்தார். எதிரே கடைப் பலகையில் இருந்த 'தேநீர்' என்பதை மட்டும் அவரால் படிக்க முடியவில்லை.

இவை யாவும் மாறிவிட்டன. 2011இல் சென்னையில் காசோலைக்குப் பதிலாக அதன் உருவப்படத்தை அனுப்பும் முறை வந்தது. ஓலை பயணம் செய்வது நின்றது. 2012 ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுள் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைந்தது. 2016க்குப் பின் கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றம் பரவியது. 2025 செப்டம்பரில் பதிவு அஞ்சல், விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பது பொய்யாகும். மின் அலுவலக வரிசையில் வெயிலில் நின்ற முதியோரைக் கேட்டால் தெரியும். சிறுபத்திரிகை நடத்துவோரும் சந்தா வந்ததா என்று அஞ்சல்காரரை எதிர்பார்த்து நிற்பதில்லை. இரவு பதினொரு மணிக்கும் வந்து சேர்கிறது.

ஆயினும் கைப்பேசி, தொகையை எழுத்தால் எழுதுமாறு எவரையும் பணிப்பதில்லை. எண்ணைத் தட்டினால் போதும். நாள்தோறும் இலக்கக் கணக்கில் பணம் கைமாறும் இந்நாட்டில், தமிழ் எண்ணுப்பெயரை ஒருவர் தம் கையால் எழுத நேரும் இடம் ஏறத்தாழ இல்லாமற் போயிற்று. தமிழ் படித்த பட்டதாரிகளும் 949ஐ எழுத்தால் எழுதச் சொன்னால் ஒரு கணம் நிற்கின்றனர். இலக்கிய அமைப்புகளின் ரசீதுப் புத்தகங்களிலும் 'ரூபாய் (எழுத்தால்)' என்று அச்சிட்ட கோட்டின்மேல் 'ரூ. 200/-' என்றே எழுதப்படுவதைக் காண்கிறோம். யாப்பில் ஓர் அசை பிறழ்ந்தால் சண்டைக்கு வரும் கவிஞர்களும் இதில் கையொப்பமிட்டுத் தருகின்றனர்.

அந்தத் தமிழாசிரியர் மறைந்தபின் அவரது பீரோவிலிருந்து கடைசிக் காசோலைப் புத்தகம் கிடைத்தது. மின்கட்டணத்தைப் பேத்தி கைப்பேசியில் செலுத்தத் தொடங்கி நெடுநாளாகியிருந்தமையால் நான்கே தாள்கள் செலவாகியிருந்தன. குறிப்புப் பக்கத்தில் நான்கு வரிகள்: காப்பீடு, ஒரு திருமணத்திற்கு மொய், கோயில் திருப்பணி, இலக்கிய அமைப்பொன்றுக்கு ஆண்டுச் சந்தா. 'தொகை' என்று அச்சிடப்பட்டிருந்த சிறு கட்டம் எண்ணுக்கு உரியது. சொல்லுக்கு அதில் இடம் போதாது. கடைசி வரியில் அவர் எழுத்தைச் சிறிதாக்கி, கட்டத்தைத் தாண்டி ஓரம்வரை எழுதியிருக்கிறார்: 'இருநூற்றைம்பது மட்டும்'. எண் எழுதப்படவில்லை.