அவரிடமே கேளுங்கள்

இன்று இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

ஒரு குடும்பஸ்தரைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். பெயர் ராப் பர்ரோ. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதிக்காரர், ரக்பி லீக் ஆட்டக்காரர். மலைமலையாய் ஆட்கள் மோதிக்கொள்ளும் அந்த ஆட்டத்தில் இவர் உயரம் சுமார் 1.65 மீட்டர்தான். ‘இந்த உடம்புக்கு இது ஒத்துவராது’ என்று பலர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர், 2001 முதல் 2017 வரை லீட்ஸ் ரைனோஸ் என்ற ஒரே அணிக்கு ஆடி, எட்டு முறை சூப்பர் லீக் பட்டம் வென்றார்.

2019 டிசம்பரில், 37 வயதில், அவருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. வீட்டில் மூன்று குழந்தைகள். கடைக்குட்டிக்கு அப்போதுதான் ஒரு வயது. செய்தியைக் கேட்டதும், இது தன் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ வராமல் போனதே என்றுதான் அவர் முதலில் ஆறுதல்பட்டார் என்று மனைவி லிண்ட்சி பிறகு சொன்னார். அந்த ஒரு செய்தி போதும், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று அறிய.

இந்த நோயை நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. ரிலுசோல் மருந்து சில மாதங்களை நீட்டித் தரும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆனால் பெரும்பாலும் கண் தசைகள் கடைசிவரை இயங்கும். பலருக்கு அறிவும் நினைவும் தெளிவாகவே இருக்கும். பர்ரோ கண்ணசைவால் இயங்கும் கணினி வழியே பேசினார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத்தான் ஒரு சொல்லை முடிக்க வேண்டும். அப்படியே மனைவியிடம் பேசினார், பிள்ளைகளுக்கு அப்பாவாக இருந்தார், தன்னைப் போன்ற நோயாளிகளுக்காகக் குரல் கொடுத்தார்.

லிண்ட்சி உங்கள் தொழில்காரர். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் பிசியோதெரபிஸ்ட். கணவருக்கு உணவூட்டி, உடை மாற்றி, மூன்று பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டே வேலைக்கும் போனார். இன்னும் சின்ன வயதுதானே, வேறு வாழ்க்கை அமைத்துக்கொள் என்று கணவரே சொல்லிப் பார்த்தார். லிண்ட்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2023 மே 14. பர்ரோவின் பெயரில் லீட்ஸ் நகரில் முதல் மாரத்தான். அவருடைய பழைய அணித் தலைவர் கெவின் சின்ஃபீல்ட் சக்கர நாற்காலியில் நண்பரை வைத்து 42 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு ஓடினார். எல்லைக்கோட்டுக்குச் சற்று முன் நிறுத்தி, குனிந்து, இரு கைகளாலும் அவரைத் தூக்கி, மார்போடு அணைத்தபடி கோட்டைக் கடந்தார். அதே மாரத்தானில் லிண்ட்சியும் ஓடினார். அந்தக் காட்சியைப் பார்த்து உலகமே கலங்கியது. எனக்கோ அதைவிடப் பெரிதாகப் படுவது, எந்தக் கேமராவும் இல்லாத காலைகளில் அந்த வீட்டில் நடந்த தூக்கல்கள்.

2024 ஜூன் 2 அன்று, 41 வயதில் பர்ரோ இறந்தார். லீட்ஸ் சீக்ராஃப்ட் மருத்துவமனையில் அவர் பெயரில் அமையவிருந்த மோட்டார் நியூரான் நோய் சிகிச்சை மையத்துக்கு மறுநாளே கட்டுமானப் பணி தொடங்குவதாக இருந்தது. குடும்பத்தார் அதைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. துக்கத்தோடு வந்து நின்றார்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் நாளை உங்களிடமும் வரும். இறுகும் மூட்டுகளை நீட்டிவிடவும், சோர்ந்த தசையை வாட்டாமல் பயிற்சி தரவும், சளியை வெளியேற்றவும் கற்றிருக்கிறீர்கள். நம் ஊரில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு: சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்ணெதிரே இருக்க, ‘சாருக்கு இப்ப எப்படி இருக்கு?’ என்று பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் கேட்கிறோம். தயவுசெய்து அவரிடமே கேளுங்கள். பதில் வர ஐந்து நிமிடம் ஆனால் ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, இடுப்பு வலிக்கிறதா, ராத்திரி தூங்கினீர்களா என்று விசாரியுங்கள். தன் முதுகு போகாமல் அவரைத் தூக்குவது எப்படி என்று கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.

வாழ்த்துகள்.