வாத்தியத்தைச் செய்தவர் யார்?



பழைய நூல் ஒன்று கையில் கிடைத்தால், அதனை இயற்றியவர் யாரென்று முதல் ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறோம். பழைய இசைக்கருவி ஒன்று கிடைத்தால் அதைச் செய்தவரை எப்படி அறிவது? இக்கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தேடி வந்தது.

இசைக்குழுக்களில் நெடுங்காலம் அக்கார்டியன் வாசித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், தம் வாத்தியத்தை விற்க வேண்டிய நிலைக்கு வந்தார். வாங்க முன்வந்தவரோ, “இது இத்தாலியில் செய்ததானால் நீங்கள் கேட்கும் விலையைத் தருகிறேன். தெரிந்தவர் ஒருவரிடம் எழுதி வாங்கி வாருங்கள்” என்று சொல்லிவிட்டார். பழைய வாத்தியங்களைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே நண்பர் என்னிடம் வந்தார்.

வாத்தியத்தின் முகப்பில் கண்ணாடிக் கற்களைப் பதித்து ஒரு பெயர் எழுதியிருந்தது. இத்தாலியப் பெயரைப் போல் ஒலித்தது. பின்புறத்தில் ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்ற நான்கு எழுத்துக்கள் இருந்தன. முன்னதைத் தொழிலகத்தின் பெயர் என்றும், பின்னதை அதன் முதலாளியின் தலையெழுத்துக்கள் என்றும் நானே முடிவு கட்டிக்கொண்டேன். ‘இத்தாலிய வாத்தியம்’ என்று ஒரு தாளில் எழதிக் கையொப்பமும் இட்டுக் கொடுத்தேன். நண்பர் முகம் மலர்ந்தது. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாத்தியத்தைத் திறந்துகூடப் பாராமல் அன்றோ எழுதிக் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் உறுத்தியது. மறுநாள் காலையிலேயே அதைத் திரும்ப வாங்கி வந்தேன்.

இவ்விடத்தில் அக்கார்டியனின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். வியன்னா நகரில் வாழ்ந்த சிரில் டெமியான் என்பவர் 1829-ஆம் ஆண்டில் இப்பெயருடைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கட்டையை அழுத்தினால் பல சுரங்கள் இயைந்து ஒலிக்கும். அவ்வியைபைக் குறிக்கும் சொல்லிலிருந்தே கருவிக்குப் பெயர் வந்தது. பின்னர் ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் உள்ள கிளிங்கென்தால் நகரில் இத்தொழில் வேரூன்றியது. இத்தாலியில் காஸ்டெல்ஃபிடார்டோ என்னும் சிற்றூரில் பாவோலோ சோப்ரானி 1863-இல் இத்தொழிலைத் தொடங்கினார். மரியானோ தல்லாப்பே 1876-இல் ஸ்டிராடெல்லாவில் பட்டறை நிறுவினார். இடக்கைப் பொத்தான்களின் வரிசை முறை ஒன்று இன்றும் அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வூர்களின் பட்டறைகள் செய்த வாத்தியங்கள் எல்லாம் செய்தவர் பெயராலேயே விலை போகவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த வாத்தியக் கடைக்காரர்கள் மொத்தமாக வாங்கித் தங்களுக்குப் பிடித்த பெயரைப் பதித்து விற்றார்கள். ஆகவே முகப்பில் மின்னும் பெயர் விற்றவருடையதாக இருக்கலாம். வாங்குவோரைக் கவர்வதற்காகக் கட்டிய புனைபெயராகவும் இருக்கலாம். செய்தவனின் கையைக் காண வேண்டுமானால் உள்ளே பார்க்க வேண்டும்.

துருத்தியின் சட்டத்தைச் சுற்றியிருந்த ஆணிகளை மெல்லப் பிடுங்கி வாத்தியத்தைத் திறந்தேன். அக்கார்டியனின் உயிர் அதன் ரீடுகளில் இருக்கிறது. ஒவ்வொரு ரீடும் ஓர் எஃகு நாக்கு. ஒரு முனை தகட்டில் பிணைக்கப்பட்டிருக்கும். மறுமுனை காற்றில் அதிரும். நீண்ட நாக்கு தாழ்ந்த சுரத்தையும், குறுகிய நாக்கு உயர்ந்த சுரத்தையும் தரும். இத்தாலியப் பட்டறைகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனித் தகடு அமைத்து, தேன்மெழுகோடு பிசினைக் கலந்து அதை மரக்கட்டையில் பதிப்பது பெருவழக்கு. நான் கண்டதோ வேறு. நீண்ட துத்தநாகத் தகடு ஒன்றிலேயே பல சுரங்களின் நாக்குகள் வரிசையாக அமர்ந்திருந்தன. அத்தகட்டின் அடியில் தோல் விரித்திருந்தது. மெழுகு ஒரு துளியும் இல்லை. சாக்ஸனியில் செய்த பாண்டோனியன் வாத்தியங்களில் காணப்படும் முறை இது.

அடுத்து, மரச்சட்டத்தில் யாரோ ஒரு தொழிலாளி பென்சிலால் எழுதிய சுரப்பெயர்கள் தென்பட்டன. ‘ஏ’, அதன் பின் ‘எச்’, அதன் பின் ‘ஸி’ என்று இருந்தன. நாம் ச, ரி, க, ம என்பதுபோல் இத்தாலியர் டோ, ரே, மீ என்பர். ஏழாவது சுரம் அவர்களுக்கு ‘சீ’. ஆங்கிலேயர் அதனை ‘பி’ என்பர். ஜெர்மானியரோ அதனை ‘எச்’ என்று எழுதுவர். அந்த ஓர் எழுத்து, முகப்பில் மின்னிய கற்களைவிட உரக்கப் பேசிற்று.

டி.ஆர்.ஜி.எம். என்பதன் பொருளையும் தேடிப் பார்த்தேன். அது எவருடைய பெயரும் அன்று. 1891-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெர்மன் அரசிடம் பதிவு செய்த சிறு புத்தமைப்பு ஒன்று அப்பொருளில் உண்டு என்பதைக் காட்டும் முத்திரை அது. அத்தகைய முத்திரை பூட்டிலும் கடிகாரத்திலும் பொம்மையிலும்கூடக் காணப்படும்!

இம்மூன்றில் எதுவும் தனியாக நின்றால் முடிவான சான்று ஆகாது. ‘எச்’ என்று எழுதும் வழக்கம் ஆஸ்திரியா போன்ற பிற நாடுகளிலும் உண்டு. பதிவு முத்திரையும், தகட்டின் அமைப்பும், சுரத்தின் பெயரும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது. சாக்ஸனிப் பட்டறை ஒன்றில், இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் செய்ததாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எந்தப் பட்டறை, எவர் கை என்பதற்கு உள்ளே சான்று இல்லை. ஆகவே அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை.

புதிய தாளுடன் நண்பரிடம் சென்றேன். அவர் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் பழைய தாளை எடுத்துத் தாமே கிழித்துப் போட்டார். “நாற்பது ஆண்டு வாசித்தேன், ஒரு நாளும் உள்ளே திறந்து பார்க்கவில்லை” என்று மட்டும் சொன்னார். வாத்தியம் குறைந்த விலைக்கே போயிற்று. பொய்யான நம்பிக்கையை அவருக்கு முதலில் ஊட்டியவன் நான்தான் என்பதை இன்றும் மறக்க இயலவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய ஹார்மோனியமோ கடிகாரமோ இருக்கக்கூடும். அதைச் செய்தவர் யாரென்று எவரேனும் கேட்டால், மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உடனே விடை சொல்லிவிடாதீர்கள். தக்கவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துத் திறந்து பாருங்கள். கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். சான்று எங்கே நிற்கிறதோ அங்கே உங்கள் சொல்லும் நிற்கட்டும். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளி பென்சிலால் எழுதிய ‘எச்’ என்னும் எழுத்து எனக்குக் கற்பித்த பாடம் அதுவே.